நாலு வீடு, ஒரு பங்க் ஆல்பம்

நேயர்களுக்கு வணக்கம். 2020 மார்ச் 26 நள்ளிரவில், கொரோனா ஊரடங்கில், தென்னாப்பிரிக்கா கதவைச் சாத்திக்கொண்டது. சாமான் வாங்க, மருந்து வாங்கப் போக முடிந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடக்கக்கூட அனுமதி இருக்கவில்லை. கராஜுக்குள் நாலு பேர் நெருக்கியடித்து வாசிக்கிற பங்க் ராக், வீட்டுக்கு ஒருவராகப் பிரிந்தால் என்ன ஆகும்? 1979இல் ஜோகன்னஸ்பர்க்கில் நேஷனல் வேக் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தபோது குறுக்கே நின்றது சட்டம். 2020இல் கிருமி.

ஜூமில் சேர்ந்து வாசித்தால் போயிற்று என்று தோன்றும். ஆகாது. தைப்பூசக் காவடியில் மேளம் முன்னால், பாடுகிறவர்கள் முப்பது மீட்டர் பின்னால் என்றால், அடி காதுக்கு வந்துசேரவே 90 மில்லிநொடி பிடிக்கும். பின்வரிசைப் பாட்டு இழுபடுவது அதனால்தான். இணையத்தில் தாமதம் அதற்குக் குறையாது, கூடக்குறைய மாறவும் செய்யும். நிமிடத்துக்கு 190 அடி ஓடும் பாட்டில் அடிக்கு அடி இடைவெளியே 316 மில்லிநொடிதான். அவருக்காக இவர், இவருக்காக அவர் என்று காத்திருந்து பாட்டு நொண்டும்.

ஆகவே ஒருவர்பின் ஒருவர். முதலில் தாளம் காட்டும் கிளிக் ஒலி, கிதார், அடங்கிய குரல் மூன்றும் சேர்ந்த வழிகாட்டித் தடம். காலப்பிரமாணத்தை இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். பல்லவியில் நிமிடத்துக்கு 188 அடியை 191 ஆக்கினால், மேடையில் தானாக வருகிற அவசரம் இங்கேயும் வரும். எல்லாரும் கோப்பைப் பூஜ்ய நொடியிலிருந்து, வாசிக்காத இடத்து மௌனத்தோடு அனுப்ப வேண்டும். 'என் பகுதி மட்டும்' என்று வெட்டி அனுப்புகிறவர் மற்ற மூவரின் ஒரு சாயங்காலத்தைத் தின்றுவிடுவார்.

எல்லாரும் பதிகிற அமைப்பு ஒன்றே: 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்), 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. ஒருவர் மட்டும் 44.1இல் பதிந்து, மாற்றாமல் அப்படியே சேர்த்தால், மூன்று நிமிடப் பாட்டு பதினைந்து நொடி முன்னதாக முடியும்; சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் ஏறும். எம்பி3 வேண்டாம்: கோப்பின் தொடக்கத்தில் சிறு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு அடி பிசகும். ஒரு தடம் நிமிடத்துக்கு 8.6 எம்பி, டிரம்முக்கு நாலு மைக் என்றால் ஒரு பாட்டே நூறைத் தாண்டும். டேட்டா விற்கிற விலைக்கு, ஃபிளாக் என்ற கோப்பு வகையாகச் சுருக்கி அனுப்புங்கள். தரம் குறையாது.

டிரம்தான் பெரிய தலைவலி. காலால் அடிக்கிற பெரிய டிரம்மான கிக்குக்கு ஒன்று, குச்சியால் அடிக்கிற சின்ன டிரம்மான ஸ்னேருக்கு ஒன்று, தலைக்குமேல் இரண்டு மைக் போதும். ஸ்னேரின் நடுவில் ஒரு நூலை அழுத்திப் பிடித்து, மேலேயுள்ள இரண்டு மைக்கும் அதே நீளத்தில் இருக்கிறதா பாருங்கள். 34 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு மில்லிநொடி பிந்தும். இரண்டையும் கூட்டும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி ஒன்றையொன்று தின்று, ஸ்னேர் பால் டின்னைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். இதைப் பிறகு ஈக்வலைசர் குமிழ்களால் சரிசெய்ய முடியாது. நூல் ஐந்து நிமிட வேலை.

கிதாரில் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒலியோடு, ஆம்ப் வழியே போகாமல் கிதாரிலிருந்து கம்பியில் நேரே வரும் ஒலியையும் தனித் தடத்தில் எடுத்து வையுங்கள். ஆம்ப் பிடிக்காவிட்டால் பிறகு வேறொன்றில் ஓட்டலாம். இடது, வலது காதுக்கு இரண்டுமுறை வாசிக்க வேண்டும். ஒன்றையே நகலெடுத்தால் நடுவில்தான் கேட்கும்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பொதுச்சுவர் வீடுகள். பங்க் பாட்டை அங்கே கத்தினால் பக்கத்து வீட்டு ஆச்சி போலீசைக் கூப்பிடுவார், அவர் செய்வதும் நியாயம். துணி நிறைந்த அலமாரிக்குள் முகத்தை நுழைத்து, மேடையில் பாடகர் பிடிக்கிற டைனமிக் மைக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பாடுங்கள். பதிவு மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமலிருக்கட்டும்; உடைந்த ஒலிக்கு மருந்தில்லை. விடியலிலும் அந்தியிலும் வேண்டாம், ஹடீடாப் பறவை கோரஸ் பாடும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் பெரும்பாலும் போகும். 2020 ஜூலையில் மின்வெட்டு திரும்பியபிறகு, அதன் அட்டவணையைப் பார்த்துவிட்டு மைக்கைத் தொடுவதே புத்தியாக இருந்தது.

கூட்டுக் கோஷத்துக்கு ஆளுக்கு நாலு தடவை: மைக்கிலிருந்து அரை மீட்டரில் இரண்டு, இரண்டு மீட்டரில் இரண்டு. வரி 'ச்'சில் முடிந்தால் ஒருவர் மட்டும் அதைச் சொல்லட்டும், இல்லையேல் பாம்புக்கூட்டம்.

எல்லாம் சேர்த்தபிறகும் நாலு வீட்டு வாடை அடிக்கும். கலவையை ஒரு ஸ்பீக்கரில் குளியலறையில் ஓடவிட்டு, கதவுப்பக்கம் மைக் வைத்துப் பதிந்து, அதை அடியில் மெல்லக் கலந்துவிடுங்கள். நாலு பேரும் ஒரே அறையில் நின்ற மாதிரி ஆகும். அதற்குமுன் குழாயை இறுக மூடுங்கள். சொட்டுகிற தண்ணீர் உங்கள் கிளிக்கோடு ஒத்துப்போகாது.