டிக்சனின் பெருமை மைதானத்திலா, மந்திரி பதவியிலா?

நடுவர் அவர்களே, வணக்கம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கால்பந்து அணியில் ஆடி, பிறகு விக்டோரியா மாநில விளையாட்டு அமைச்சராகவும் இருந்த பிரையன் டிக்சனுக்கு நிலைத்த பெருமை தந்தது மைதானமா, மந்திரி பதவியா? மைதானமே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குப் போட்டார். 1954 முதல் 1968 வரை 252 ஆட்டம், அடித்தது 41 கோல். "ஆறு ஆட்டத்துக்கு ஒரு கோல், இது ஒரு பெருமையா?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஐயா, அவர் நின்ற இடம் விங்! ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் அணிக்கு 18 பேர். அந்த நீள்வட்ட மைதானத்தின் நடுப்பகுதியில், ஓரத்துக்கு ஒருவராக இரண்டு பேர் நிற்பார்கள். பின்களத்திலிருந்து வரும் பந்தை ஓடிப் பிடித்து முன்களத்துக்கு அனுப்ப வேண்டும்; எதிரி விங்கையும் அசையவிடக் கூடாது. கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் போய், "நீங்கள் எத்தனை பந்தியில் உட்கார்ந்தீர்கள்?" என்று கேட்பீர்களா?

கணக்கு வேண்டுமென்றால் இதைப் போடுங்கள். 1956, 1957, 1959, 1960, 1964. ஐந்து கோப்பை. 1958 இறுதி ஆட்டத்தில் கோலிங்வுட் அணியிடம் தோற்றார்கள், மறைக்கவில்லை. ஆனால் 1960 இறுதியில் அதே கோலிங்வுட் மொத்தமே இரண்டு கோல்தான் அடித்தது. அந்த வருஷம் மெல்போர்ன் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது கோல் அடித்துக் குவித்தவருக்குப் போகவில்லை. நம் விங்காரருக்குத்தான் போனது.

1972-ஐயும் இழுத்தார்கள். அவர் பயிற்சியாளராக இருந்த நார்த் மெல்போர்ன் அந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தது. உண்மைதான். கோட்டுக்கு வெளியே நின்றால் அவர் யார், உள்ளே ஓடினால் யார் என்று எனக்காகச் சாட்சி சொன்னதற்கு நன்றி.

சரி, மந்திரி பதவிக்கு வருவோம். 1975-இல், டிக்சன் மந்திரியாக இருந்தபோது, மக்களை உடலசைக்கச் சொல்லும் 'லைஃப், பி இன் இட்' பிரசாரம் வந்தது. தொப்பையோடு சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும் நார்ம் என்ற கார்ட்டூன் ஆளைக் காட்டி, எழுந்து நடங்கள் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் டிக்சனை ஓடவிட்டே கோப்பைகளை வாங்கிய பயிற்சியாளர் பெயரும் நார்ம், நார்ம் ஸ்மித்! முதல் நார்மிடம் கற்றதைத்தானே இரண்டாவது நார்முக்குச் சொல்லிக்கொடுத்தார்?

இன்னொன்று. 1964-இல் செயிண்ட் கில்டா தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர் ஆகிறார். மனுஷன் பூட்ஸைக் கழற்றினாரா? அதே செப்டம்பரில் கோலிங்வுட்டை நான்கே புள்ளியில் வென்ற இறுதி ஆட்டத்தில் ஓடுகிறார். அதற்கப்புறமும் நாலு சீசன். இரண்டில் எது பெரிது என்று அவரே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, நடுவர் அவர்களே. நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்த 1964 கோப்பைக்குப் பிறகு மெல்போர்ன் அடுத்த கோப்பையைத் தொட்டது 2021-இல். 57 வருஷம் அந்த ஊர்க்காரர்கள் டிக்சன் ஆடிய அணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே 57 வருஷத்தில் விக்டோரியாவின் விளையாட்டு அமைச்சர்களாக இருந்தவர்களில், டிக்சனை விட்டுவிட்டு, நாலே நாலு பேர் பெயரை எதிரணி சொல்லட்டும். இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.