பழைய போல்வால்ட் மெத்தைக்கு அடியில் ஃபோம் போடலாமா? போடும் முன் இதைப் பாருங்கள்!

மணிக்கு 37 கிலோமீட்டர். 2025 செப்டம்பரில் டோக்கியோவில் ஸ்வீடனின் போல்வால்ட் வீரர், அதாவது கோல் ஊன்றித் தாண்டுகிற மோண்டோ டுப்ளான்டிஸ், 6.30 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தாரே, மேலிருந்து விழுந்து மெத்தையைத் தொடும் நொடியில் அவர் உடம்பு ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் வந்திருக்கும். அந்த வேகம் முழுக்க அடங்க ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழம்தான் இருக்கிறது. மனிதர் துள்ளி எழுந்து ஓடினார். அதே மாதிரி ஒருவர், பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்து நடுவில் குழிவிழுந்த ஒரு மெத்தையில் விழுந்தால்?

வணக்கம் மக்களே. புது மெத்தை வாங்கப் பணம் இல்லை, இருக்கிற பழசுக்கு அடியில் ஏதாவது திணித்துச் சமாளிக்கலாமா என்று யோசிக்கிற கோச்சுகளுக்கும் பி.இ.டி. வாத்தியார்களுக்கும்தான் இந்த வீடியோ. சமாளிக்கலாம். ஆனால் எதை, எங்கே, எப்படி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: 1942 இல் அமெரிக்க வீரர் கார்னீலியஸ் வார்மர்டாம் மூங்கில் கோலை வைத்து 4.77 மீட்டர் தாண்டிய காலத்தில் விழுவதற்கு இருந்தது மணலும் மரத்தூளும், 1960களில் ஃபைபர்கிளாஸ் கோல் வந்து உயரம் எகிறியது, கூடவே ஃபோம் மெத்தையும் வந்தது. போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: மெத்தையின் குறுக்குவெட்டுப் படம்]

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். உங்களைத் தாங்குவது ஃபோம் என்றுதானே நினைக்கிறோம்? அதில் பெரிய பங்கு காற்றுக்கு. மெத்தைக்குள் இருப்பது திறந்த கண்ணறை கொண்ட பாலியூரித்தேன் ஃபோம், அதாவது உள்ளே கோடிக்கணக்கான குட்டி அறைகள், ஒவ்வொன்றும் பக்கத்து அறையோடு வாசல் வைத்தமாதிரி திறந்திருக்கும். நீங்கள் விழும்போது அந்த அறைகளில் இருக்கிற காற்று வாசல் வாசலாக நெருக்கியடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அரைகுறையாக மூடிக்கொண்டு மெதுவாக அமுக்குங்கள், சுலபமாக இறங்கும். வேகமாக அமுக்குங்கள், கையையே எதிர்த்துத் தள்ளும். மெத்தையும் அப்படித்தான்! மெதுவாக உட்கார்ந்தால் குழைந்து கொடுக்கிறது, வேகமாக விழுந்தால் அந்த வேகத்துக்கு ஏற்ற மாதிரி தடுக்கிறது. மூன்று மீட்டர் தாண்டும் பள்ளிப் பிள்ளைக்கும் ஆறு மீட்டர் தாண்டும் சாம்பியனுக்கும் ஒரே மெத்தை சரிப்பட்டு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்.

இதிலிருந்தே இரண்டு விஷயம் புரிந்துவிடும். ஒன்று, மெத்தை உறையின் பக்கவாட்டில் வலை வைத்திருப்பது காற்று வெளியே போவதற்கு. கிழிந்த உறைக்குப் பதிலாக முழுசாகத் தார்ப்பாயைச் சுற்றித் தைத்துவிட்டால் காற்றுக்கு வழியில்லாமல் ஆளைத் தூக்கி எறியும். இன்னொன்று, வருஷக்கணக்கில் மிதிபட்ட ஃபோமில் அந்த அறைச் சுவர்கள் உடைந்துபோகின்றன, காற்று தடையே இல்லாமல் ஓடிவிடுகிறது, அப்போது நீங்கள் நேராகத் தரைக்குப் போய்ச் சேருவீர்கள்.

கணக்கு இதுதான். ஐந்து மீட்டர் தாண்டுகிறவர் மெத்தை வரைக்கும் சுமார் 4.2 மீட்டர் விழுகிறார். 60 செ.மீ. ஆழத்தில் நின்றால் அவர் உடம்பு மேல் சராசரியாக அவருடைய எடையைப்போல 8 மடங்கு விசை. 30 செ.மீ. தான் கிடைத்தது என்றால் 15 மடங்கு. வெறும் 10 செ.மீ. என்றால் 43 மடங்கு! வெளியிலிருந்து பார்க்கும்போது மெத்தை அதே 80 செ.மீ. உயரத்தில் கம்பீரமாகத்தான் நிற்கும், உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியாது.

அதனால் முதலில் சோதனை. நடுவில், எல்லாரும் விழுகிற அந்த இடத்தில், ஒரு பெரியவர் முட்டிபோட்டு முழு எடையையும் ஒரே முட்டியில் இறக்கட்டும். தரை தட்டுப்பட்டால் அந்த மெத்தையில் இன்றைக்குத் தாண்டுவது நிற்கட்டும். அப்புறம் ஜிப்பைத் திறந்து கையை விடுங்கள். ஃபோம் மஞ்சளாகி, விரலில் கிள்ளினால் பொடிப்பொடியாக உதிர்கிறதா? பிழிந்தால் தண்ணீர் வருகிறதா? உதிர்ந்தால் அதற்கு அடியில் எதைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, அந்த ஃபோம் கட்டையையே மாற்ற வேண்டும். உதிராமல் தளர்ந்து மட்டும் போயிருந்தால், அதைத்தான் காப்பாற்றலாம்.

இங்கேதான் பலரும் புது ஃபோமை வாங்கி மேலே விரிக்கிறார்கள். வேண்டாம். மேலே தனியாகக் கிடக்கிற தகடு நழுவும், முதலில் உடம்பு படுகிற இடம் மேடுபள்ளமாகிக் கணுக்கால் மடங்கும். அடியில் போடுங்கள்: மேலே இருப்பது மென்மையாக வாங்கிக்கொள்ளும், அது தீர்ந்துபோகிற கடைசிக் கட்டத்தில் கீழே இருக்கிற கொஞ்சம் உறுதியான அடுக்கு பிடித்துக்கொள்ளும். ஃபோம் கடையில் போய் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த வகைப் புது ஃபோம், 10 முதல் 15 செ.மீ. கனத்தில். துண்டு துணுக்குகளை ஒட்டிச் செய்கிற ரீபாண்டட் ஃபோம் மலிவு, ஆனால் கெட்டி. அதை மெல்லிய அடித்தட்டாக மட்டும் வைக்கலாம். தேங்காய்நார் மெத்தை, தெர்மாகோல், பழைய டயர் இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம்.

ஒன்று முக்கியம். நடுவில் குழி இருக்கிறது என்பதற்காக நடுவில் மட்டும் திணிக்காதீர்கள். கட்டைகளுக்கு இடையில் வாய்பிளந்து, காலோ கையோ அதற்குள் போகும். முன்பக்கத் துண்டுகள் உட்பட முழு மெத்தைக்கும் ஒரே கனம், எல்லாப் பட்டைகளையும் மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும். ஓடுபாதையின் முடிவில் தரையில் பதித்திருக்கும் கோல் ஊன்றும் பெட்டியை ஒட்டிய பக்கம் பெட்டியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும் என்பது உலகத் தடகள விதி. மெத்தையை உயர்த்தியதும் இந்த இடைவெளியும் குறுக்குக் கம்பியைத் தாங்குகிற கம்பங்களின் அடிப்பாகத்துக்கான உறையும் மாறிப்போயிருக்கும், அளந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் கீழே காற்றோட்டத்துக்கு மரச்சட்டம் வையுங்கள், ஆனால் அது மெத்தைக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இத்தனையும் செய்துவிட்டு நடுவை மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அமெரிக்காவில் 1982 முதல் 1998 வரை பள்ளி, கல்லூரி வீரர்களுக்கு நேர்ந்த 32 மிகக் கடுமையான விபத்துகளை ஆராய்ந்தபோது, அதில் 17 பேருக்கு உடம்பு மெத்தையின் ஓரத்தில் விழுந்து தலை வெளியே கடினத் தரையில் அடித்திருந்தது. 2003 இல் அங்கே மெத்தையைப் பெரிதாக்கினார்கள். அதற்குப் பிறகு எடுத்த கணக்கில் பாதிக்கு மேற்பட்ட விபத்துகள் பெட்டியைச் சுற்றி. ஆஸ்திரியாவின் கிரா க்ரூன்பெர்க் 2015 இல் பயிற்சியின்போது விழுந்து கழுத்து முள்ளெலும்பு முறிந்தார், சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். 4.45 மீட்டர் தாண்டிய தேசிய சாதனையாளர் அவர், புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் இல்லை.

அதனால் ஃபோம் கடைக்குப் போகும்போதே சேர்த்து வாங்குங்கள்: மெத்தையைச் சுற்றியிருக்கிற சிமெண்ட், இரும்பு எல்லாவற்றின் மேலும் குறைந்தது 5 செ.மீ. கனத்தில் அடர்த்தியான ஃபோம், பெட்டியின் வாயைச் சுற்றி ஒரு காலர், அதாவது மெத்தென்ற ஃபோம் பட்டை. காலரை மட்டும் அதற்கென்றே தயாரித்ததாக வாங்குங்கள், கோல் வளையும்போது அதில் இடிக்காத மாதிரி வெட்டியிருப்பார்கள்.

சென்னையின் சுரேகா, 5.31 மீட்டர் தாண்டிய சிவா சுப்பிரமணியம் என்று இந்த விளையாட்டில் நம் ஊர்ப் பிள்ளைகள் தேசிய சாதனைகள் படைத்திருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். அடுத்தவர்கள் இப்போது ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வீடியோவை அவர்களுடைய கோச்சுக்கு அனுப்புங்கள். முட்டி சோதனை செய்து பார்த்தவர்கள், தரை தட்டுப்பட்டதா இல்லையா என்று கமெண்டில் எழுதுங்கள், மெத்தையின் படத்தையும் போடுங்கள், எந்தக் கட்டையை மாற்றலாம், எதற்கு அடியில் போட்டால் போதும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.