குதிரை என்ன கட்டுகிறது?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. திரும்பத் திரும்பச் சொன்ன சில இடங்களை மட்டும் எடுத்துவிட்டு எழுதியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி பிடித்துக்கொண்டார். "கடலூர்ல ரேஸ் கோர்ஸே இல்லையே சார், இங்க எதுக்கு இந்தப் பேச்சு?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் என் சித்தப்பாவுக்கு இந்த ஊரே ரேஸ் கோர்ஸாகத்தான் இருந்தது. சனிக்கிழமை ராத்திரி ரயிலேறி கிண்டிக்குப் போவார். திங்கட்கிழமை காலையில் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கி, வண்டிப்பாளையம் வரைக்கும் நடந்தே வருவார். நடந்து வந்தால் தோற்றார் என்று எங்கள் வீட்டில் அர்த்தம். ஜெயித்து ஜட்காவில் வந்து இறங்கியதை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்த ஜட்காவும் என் அப்பாவுடையது, அதனால் கூலி கிடையாது.

சித்தப்பாவுக்கு எந்தக் குதிரையின் அப்பன் யார், ஆத்தா யார், போன சீசனில் எத்தனை கிலோ தூக்கி ஓடியது எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் எங்கள் வீட்டு ராணிக்கு எந்தக் கால் நொண்டுகிறது என்று கேட்டால் தெரியாது.

ராணி நாட்டு மட்டக்குதிரை. சாயங்காலம் வண்டியை அவிழ்த்ததும் அப்பா முதலில் செய்யும் வேலை, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொள்வது. குளம்புக்குள் சிக்கிய கல்லை ஒரு வளைந்த ஆணியால் நோண்டி எடுப்பார். அப்புறம் குளம்பின்மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருப்பார். சூடு பார்க்கிறார் என்று பிற்பாடு வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. குளம்பு சுட்டால் உள்ளே ஏதோ கோளாறு. மறுநாள் வண்டி கிடையாது, வீட்டில் கஞ்சிதான்.

அப்பாவைப் புனிதராக்கிப் பேச வரவில்லை. கெடிலம் பாலத்து ஏற்றத்தில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ராணியைச் சவுக்கால் அடித்தவரும் அவர்தான். சேணம் உராய்ந்த இடத்தில் புண் இருக்கும், அதற்கு மஞ்சள் பூசிவிட்டு மறுநாளும் பூட்டுவார். ஆனாலும் ராணி போனால் இன்னொரு குதிரை வாங்க அவரிடம் பணம் இல்லை. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

குதிரைப் பந்தயத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் நாம் பேசாமல் இல்லை. ஐம்பது வருஷமாகப் பேசுகிறோம். 1974-இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. கலைஞர் முதல்வர். குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன என்பது காரணம், என் சித்தி அதற்குச் சாட்சி. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1996-இல் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு. 2024-இல் பேச்சு நிலத்துக்கு மாறியது. ஜூனில் ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கரையும், செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கரையும் அரசு கையில் எடுத்தது. கிண்டி நிலத்துக்கு வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம் என்று பேப்பரில் படித்துவிட்டு டீக்கடையில் எல்லோரும் வாயைப் பிளந்தோம்.

பணம், திறமை, நிலம். மூன்று சண்டையிலும் குதிரை எங்கே? "திறமை" என்கிறார்களே, அந்தத் தீர்ப்பை நான் எழுத்துக்கூட்டிப் படித்தவன், குதிரையின் வேகமும் தெம்பும் பயிற்சியும் அதில் வருகின்றன. வாதத்துக்கு உதவும் சரக்காக வருகின்றன. பந்தயம் கட்டுகிறவன் பணத்தைக் கட்டுகிறான். சொந்தக்காரரும் பணத்தைத்தான் கட்டுகிறார். ஜாக்கி உயிரைக் கட்டுகிறார், உண்மைதான், ஆனால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறுகிறார். குதிரை தன் காலைக் கட்டுகிறது. அதன் பங்கு என்ன என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம் இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நடுவிரலைக் காட்டுங்கள். பரவாயில்லை, காட்டுங்கள். குதிரை நிற்பது அந்த ஒரு விரலின் மேல். குளம்பு என்பது அந்த விரலின் நகம். முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே பேருக்குக்கூடச் சதை கிடையாது. எலும்பு, நரம்பு போன்ற தசைநார், தோல், அவ்வளவுதான். பந்தயக் குதிரையின் எடை 450, 500 கிலோ. முழு ஓட்டத்தில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது சில கணங்களில் ஒரே கால்தான் தரையில் இருக்கும். அப்போது அந்த ஒற்றைக் காலில் இறங்கும் பாரம் உடம்பு எடையைப்போல இரண்டரை மடங்கு. ஒரு டன்னுக்கும் மேல், ஒரு நகத்தின்மேல்.

இதில் வயதுக் கணக்கு வேறு. குதிரைக்கு முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து வயதுக்கு மேல் ஆகும். பந்தயத்தில் இரண்டு வயதுக் குதிரைகள் ஓடுகின்றன. அளவாக ஓடவிட்டால் இளம் எலும்பு இறுகும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். அளவு என்ற சொல்லைப் பந்தய நாள் நெருங்கும்போது யார் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

கால் உடைந்தால் ஏன் கட்டுப்போட்டுப் பிழைக்கவைப்பதில்லை என்று கேட்பார்கள். குதிரையால் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க முடியாது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்றில் நின்றால், பாரம் தாங்கும் காலின் குளம்புக்குள் பிடிப்பு விட்டுப்போய் எலும்பே கழன்று இறங்கிவிடும். அமெரிக்காவில் பார்பரோ என்ற குதிரை 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. காசுக்குக் குறைவில்லை, டாக்டர்களுக்கும் குறைவில்லை. எட்டு மாதம் போராடிவிட்டு, 2007 ஜனவரியில் குளம்பு நோயால்தான் அதைக் கருணைக்கொலை செய்தார்கள்.

கால் மட்டுமா? ஓடிவந்த குதிரையின் மூச்சுக்குழாயில் டியூப் விட்டுப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் நுரையீரல் ரத்தம் கசிந்திருக்கும். வயிற்றுப் புண் அதைவிடச் சாதாரணம். குதிரை நாளெல்லாம் மேயப் பிறந்தது. அதன் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதை ஒரு லாயத்தில் நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் அடைத்து, இரண்டு வேளை தானியம் போட்டால் புண் வராமல் என்ன செய்யும்? பலகையைப் பல்லால் பிடித்துக்கொண்டு காற்றை விழுங்கும் குதிரைகளையும், கதவுக்குமேல் தலையை நீட்டி இடதும் வலதும் ஆடிக்கொண்டே நிற்கும் குதிரைகளையும் பார்த்திருக்கிறேன். "டான்ஸ் ஆடுது" என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

நான் பார்த்தது எங்கே என்று கேட்பீர்கள். படித்து முடித்த புதிதில் ஒரு பெரிய டாக்டரிடம் உதவியாளனாக, ஒரு லாயத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். ஊரும் பேரும் வேண்டாம். மூன்று வயதுப் பெண் குதிரை ஒன்று. காலையில் சயிஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கிறவர், வந்து, "டாக்டர், நேத்து ராத்திரி தீனி மிச்சம் வெச்சிருக்கா. இடது முன்னங்கால முன்னாடி நீட்டி நீட்டி வெக்கறா" என்றார். குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். சூடு. அப்பா வைத்துப் பார்த்த அதே மாதிரிதான் வைத்தேன். எக்ஸ்ரே எடுக்கலாம், பத்து நாள் ஓய்வு கொடுக்கலாம் என்றேன். வார இறுதிக்குள் அவள் ஓட்டத்தைப் பார்க்கச் சொந்தக்காரர் வருகிறார் என்றார்கள். மூட்டுக்குள் ஊசி போடச் சொன்னார்கள். போட்டேன். வலி போனது, காயம் போகவில்லை. நான்காம் நாள் விடியற்காலை பயிற்சி ஓட்டத்தில் கடைசி வளைவில் கால் உடைந்தது.

வலி என்பது குதிரைக்கு இருக்கும் ஒரே வாய். அதை அடைத்தது நான். அந்த லாயத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நழுவ எனக்கு வழியில்லை.

சவுக்கைப் பற்றிச் சுருக்கமாக. குதிரைத் தோல் தடிப்பானது, வலிக்காது என்று காலம் காலமாகச் சொல்வார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவி குழுவினர் 2020-இல் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மேல்தோலின் தடிமனிலும் அங்கே வந்து முடியும் நரம்பு நுனிகளிலும் மனிதத் தோலுக்கும் குதிரைத் தோலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நார்வே 1982-லேயே அடித்து ஓட்டுவதை நிறுத்தியது. அங்கே இன்னும் பந்தயம் நடக்கத்தான் செய்கிறது.

சரி, ஜல்லிக்கட்டுக்கு வருவோம். முன்வரிசையில் ஐயா புருவத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். 2014-இல் தடை, 2017-இல் மெரினா, 2023-இல் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு, எல்லாம் உங்களுக்குத் தெரியும். "அப்போ எங்க காளைக்குப் பேசின நீங்க குதிரைக்கு மட்டும் ஏன் மூக்கை நுழைக்கிறீங்க?" என்பது கேள்வி. காளைக்கு ஒரு கேள்வி, குதிரைக்கு ஒரு கேள்வி என்று நான் வைத்துக்கொள்ளவில்லை. அடிபட்டால் யார் பார்க்கிறார்கள், வயதானால் எங்கே போகிறது? வாடிவாசலிலும் இதையே கேட்பேன். பதில் நன்றாக இல்லாத காளைக்காரர்களும் இருக்கிறார்கள்.

பழைய கதை ஒன்று. நரியைப் பரியாக்கிய கதை நமக்குத் தெரியும், பாண்டியன் குதிரை வாங்கத்தான் மாணிக்கவாசகரிடம் கருவூலப் பணத்தைக் கொடுத்தனுப்பினான். அரேபியாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கும். இத்தனை குதிரை எதற்கு ஒவ்வொரு வருஷமும்? பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ பதில் எழுதிவைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் வாங்கினாலும் வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரியாமல் சாகடிக்கிறார்கள் என்கிறார். லாடம் அடிப்பவர்களை வணிகர்கள் வேண்டுமென்றே இங்கே வரவிடவில்லை, செத்தால்தானே திரும்ப வாங்குவார்கள் என்றும் எழுதுகிறார். மார்கோ போலோ சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கணக்கு இன்றைக்கும் அதே கணக்குதான். ராணி போனால் என் அப்பாவிடம் வேறு குதிரை இல்லை. பந்தயத் தொழிலில் ஒன்று போனால் அடுத்த வருஷக் குட்டிகள் ஏலத்துக்குத் தயார்.

விபத்து விதி என்பார்கள். ஒரு குதிரை ஒரு முறை ஓடுவதை ஒரு ஓட்டம் என்று கணக்கு வைத்தால், அமெரிக்காவில் 2009-இல் ஆயிரம் ஓட்டத்துக்கு இரண்டு குதிரைகள் செத்தன. 2019-இல் கலிபோர்னியாவின் சான்டா அனிட்டா மைதானத்தில் ஒரே சீசனில் 30 குதிரைகள் செத்துப் பெரிய கூச்சல் எழுந்தது. அப்புறம் நாடு முழுதுக்கும் ஒரே பாதுகாப்பு அமைப்பு வந்தது. ஓட்டத்துக்கு முன் கால் சோதனை, மருந்துக் கட்டுப்பாடு, தரையின் ஈரத்தையும் மெதுமையையும் அளப்பது என்று இறுக்கினார்கள். 2023-இல் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 1.32. விதி இப்படிக் குறையுமா?

எனக்கு அதைவிட உறுத்துவது ஓடி முடித்த பிறகு நடப்பது. பந்தயக் குதிரை ஒவ்வொன்றுக்கும் வம்சாவளிப் பதிவு உண்டு. முந்நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்துக்குப் போன மூன்று ஆண் குதிரைகள் வரைக்கும் தகப்பன் வழி தெரியும். பிறந்ததும் கழுத்தில் மைக்ரோசிப். இவ்வளவு தெரிந்தவர்களிடம், ஐந்து வருஷம் முன்னால் ஓடிய குதிரை இப்போது எங்கே என்று கேட்டுப்பாருங்கள். குதிரை இருபத்தைந்து, முப்பது வயது வாழும். பந்தய வாழ்க்கை நாலைந்து வருஷம். மீதி இருபது வருஷத்துக்கு யார் பெயரும் அதோடு ஒட்டியிருக்காது. கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் கை மாறி மாறிப் போகும்.

ஆட்டோ வந்து ஜட்கா நின்றபோது அப்பா ராணியை நெல்லிக்குப்பத்தில் ஒருவருக்கு விற்றார். செங்கல் வண்டியில் பூட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மாதம் ஒரு முறை ஒரு வெல்லப் பொட்டலத்தோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நான் கேட்பதும் அவ்வளவுதான், சட்டமாகக் கேட்கிறேன். பந்தயத்தில் ஓடவிட்ட சொந்தக்காரரின் பெயர் குதிரை சாகும்வரை அந்த மைக்ரோசிப்போடு இருக்கட்டும். பரிசுப் பணத்திலும் பந்தயப் பணத்திலும் ஒரு பங்கு அதன் முதுமைக்கு ஒதுங்கட்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாத தொழில் என்றால், மூடிவிட்டுப் போகட்டும். சிங்கப்பூரிலும் மக்காவ்விலும் 2024-இல் மூடினார்கள். மூடும்போதும் இருக்கிற குதிரைகளுக்கு வழி சொல்லிவிட்டுத்தான் மூடவேண்டும்.

இதோடு முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "நீங்க ஊசி போட்ட குதிரைக்கு என்ன பேருங்க?" என்றார். பதிவேட்டில் நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது, எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சயிஸ் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார், அதுதான் எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.