பனி வழிவிட்டால் போகலாம்

நண்பர்களே, அண்டார்க்டிகா கப்பலில் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த நாளில் எந்த இடம்?” என்பதுதான். அட்டவணை தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் பிடித்துத் தொங்காதீர்கள். நேற்றுத் திறந்து கிடந்த லெமேர் கால்வாய் என்ற குறுகலான கடல்வழியை இன்று காலை பனிக்கட்டிகள் அடைத்திருக்கலாம். கேப்டன் கப்பலைத் திருப்பினால் அவரை வாழ்த்துங்கள். 2007 நவம்பரில், இத்தகைய பயணத்துக்கென்றே கட்டப்பட்ட ‘எக்ஸ்புளோரர்’ கப்பல் பனியில் மோதி அந்தக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர் தப்பினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து கிளம்பி, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள். அலை ஆட்டி எடுக்கும். அதற்கு நடுவில்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை நடக்கும். கரையில் போடப்போகும் உடை, பை, பூட்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்வார்கள். பையின் மூலையிலும் வெல்க்ரோவின் இழையிலும் ஒட்டிய விதைகளை வாக்யூம் கிளீனராலும் ஊசியாலும் எடுப்பார்கள். இவ்வளவு கெடுபிடி எதற்கு? அந்தக் கண்டத்தில் இயற்கையாக வளரும் பூக்கும் செடிகள் இரண்டே வகை. அதை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவிலோ, மனிதரோடு வந்த ஒரு புல் ஏற்கெனவே வேர்பிடித்துவிட்டது. நம் சட்டைப்பைக்குள் ஒரு காடே ஒளிந்திருக்கலாம், பாருங்கள்!

கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது அளவைப் பாருங்கள். 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. சிறிய கப்பலானாலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான்.

கரையில் பெங்குவினிடமிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அது தானாக நெருங்கி வந்தால் அசையாமல் நில்லுங்கள். கடலுக்கும் கூட்டுக்கும் நடந்து நடந்து பனியில் அவை பள்ளமாகத் தடம் போட்டிருக்கும். குஞ்சுக்கு இரை சுமந்து வரும் தாய்க்கும் தந்தைக்கும் அதுதான் வழி. குறுக்கே நிற்காதீர்கள். உங்கள் கால் ஆழமாகப் புதைந்த குழியைப் பனியால் மூடிவிட்டு நகருங்கள். அந்தக் குழி நமக்கு முழங்கால் அளவுதான், ஆனால் அதில் விழுந்த பெங்குவின் ஏறி வர முடியாமல் அங்கேயே கிடந்துவிடக்கூடும். இந்த ஒன்றை மட்டுமாவது மறக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

டிசெப்ஷன் தீவில் திமிங்கில எண்ணெய் காய்ச்சிய பெரிய கொதிகலன்கள் துருவேறி நிற்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கூன்முதுகுத் திமிங்கிலம் மூச்சுவிடும் ஓசையைக் கேட்டால், வேட்டை நின்றதன் பொருள் உங்களுக்கே புரியும்.

ஒரு நாளாவது ரப்பர் படகை ஓட்டுபவரிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். கேமராவைக் கீழே வையுங்கள். சுற்றிலும் படபடவென்று மெல்லிய வெடிப்புச் சத்தம் கேட்கும். எத்தனையோ தலைமுறைக்கு முன் பெய்த பனியில் அகப்பட்ட காற்று, மிதக்கும் பனிக்கட்டி உருக உருக, குமிழ் குமிழாக வெளியே வருகிறது.