பயணியின் பணம் யார் கையில் நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

சுற்றுலாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருவது தலைக்கணக்குதான். இந்த வருடம் இத்தனை லட்சம் பேர் வந்தார்கள், போன வருடத்தைவிட இவ்வளவு கூடுதல் என்று அறிவிப்பார்கள். உலக அளவில் 1950-இல் சுமார் 2.5 கோடியாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் வருகை, 2019-இல் ஏறக்குறைய 146 கோடியைத் தொட்டது. பிரமிப்பான வளர்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் பயணிகளை வரவேற்கும் ஊர் செழித்ததா என்பதை இந்த எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. வந்தவர் செலவழித்ததில் எவ்வளவு அந்த ஊரில் தங்கியது, யார் கையில் தங்கியது? நான் கேட்க விரும்புவது இதைத்தான்.

ஒரு குடும்பம் விடுமுறைக்குப் புறப்படும்போதே பெரும் தொகையைச் சொந்த நாட்டிலேயே கட்டிவிடுகிறது. விமான நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. முன்பதிவு செய்துகொடுத்த இணையதளம் கமிஷன் எடுக்கிறது. விடுதி ஏதாவதொரு பன்னாட்டுப் பெயரில் நடந்தால், அந்தப் பெயருக்கும் நிர்வாகத்துக்கும் கட்டணம் வெளியே போகிறது. மெத்தை, ஏசி, பானங்கள், இறைச்சி எல்லாம் இறக்குமதி என்றால் அதற்கான பணமும் கப்பலேறிவிடும். இப்படி வெளியேறுவதைப் பொருளாதாரத்தில் கசிவு என்கிறார்கள். மிஞ்சுவது சம்பளம், உள்ளூர்க் கொள்முதல், வரி. அந்தச் சம்பளத்தை வாங்கியவர் அதே ஊரில் செலவு செய்தால் இன்னொருவருக்கு வருமானம், அவர் செலவு செய்தால் மற்றொருவருக்கு. சுற்றுலாவின் உண்மையான பலன் இந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது.

மாலத்தீவைப் பாருங்கள். அங்கே முதல் சுற்றுலா விடுதி 1972-இல் திறந்தது. ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி, மக்கள் வாழும் தீவுகள் தனி என்பதே நெடுங்காலம் நடைமுறை. அரசுக்குக் குத்தகைப் பணம் வந்தது, அந்நியச் செலாவணி வந்தது. அதில் பள்ளியும் மருத்துவமனையும் வளர்ந்தன, உண்மை. ஆனால் மீனைத் தவிர உணவில் பெரும்பகுதி இறக்குமதி. விடுதி ஊழியர்களில் கணிசமானோர் வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து வந்தவர்கள். பக்கத்துத் தீவில் வாழும் குடும்பத்துக்கும் அந்த விடுதிக்கும் நடுவே கடல் மட்டும் இல்லை, பொருளாதாரமும் விலகி நின்றது.

2009-ஐ ஒட்டி, மக்கள் வாழும் தீவுகளிலும் சிறிய விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி திறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகள் அதைப் பிடித்துக்கொண்டன. நாலு அறை வைத்திருப்பவர் உள்ளூர்க்காரர். பயணியைப் படகில் கூட்டிப்போகிறவரும் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவரும் அதே தெரு. ஓர் இரவுக்கு அங்கே செலவாகும் தொகை சொகுசு விடுதியைவிட எத்தனையோ மடங்கு குறைவு. அப்படியிருந்தும் அந்தப் பணம் கைமாறுவதை ஊரார் கண்ணால் பார்க்கிறார்கள்.

சரி, வரும் பணம் ஊருக்குள்ளேயே நின்றால் எல்லாம் நல்லபடியாகிவிடுமா? ஆகாது. ஊருக்குள்ளும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும். வெனிஸ் நகரத்தின் பழைய தீவுப் பகுதியில் 1950-களின் தொடக்கத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000-க்கும் குறைவு. இதற்குச் சுற்றுலா மட்டுமே காரணமில்லை. ஆனால் மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் என்றான பிறகு, வீட்டுக்காரர் எந்தப் பக்கம் போவார்? வீட்டுக்காரருக்கு வருமானம் கூடுகிறது, வாடகைக்கு இருந்தவர் ஊரைவிட்டுப் போகிறார். மொத்தக் கணக்கில் இரண்டும் சேர்ந்து வளர்ச்சி என்றே பதிவாகும். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். அந்த ஊரில் பாத்திரம் கழுவுகிறவரும் படகு ஓட்டுகிறவரும் அங்கேயே குடியிருக்க முடியாமல் போனால், அதை வளர்ச்சி என்று எப்படி ஏற்பது?

பகலில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் வெனிஸ் 2024-இல் சில நாள்களுக்கு 5 யூரோ நுழைவுக்கட்டணம் வாங்கத் தொடங்கியது. பார்சிலோனா இன்னும் ஆழமாகக் கைவைத்தது. பயணிகளுக்கு விடப்படும் சுமார் 10,000 குடியிருப்புகளின் உரிமங்களை 2028-க்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று 2024-இல் அறிவித்தது. கூட்டத்துக்குக் கட்டணம் போடுவதைவிட வீட்டைக் காப்பாற்றுவதே சரியான வழி என்பது என் கருத்து.

ஒரே தொழிலை நம்பி நிற்பதன் ஆபத்தை அதிகம் விளக்கத் தேவையில்லை. இலங்கைக்கு 2018-இல் 23 லட்சம் பேர் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா. 2021-இல் வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. 2022-இல் அந்த நாடு சந்தித்த அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பல காரணங்கள் உண்டு, வராமல்போன இந்த டாலர்களும் அவற்றில் ஒன்று.

நம்பிக்கை தரும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க ஓர் அனுமதிச்சீட்டு 2017 முதல் வெளிநாட்டவருக்கு 1,500 டாலர். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் உண்டு. தேசியப் பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. முன்பு 5 சதவீதமாக இருந்தது. பள்ளிக்கட்டடம், குடிநீர், சுகாதார நிலையம் என்று அது செலவாகிறது. காட்டை வெட்டினால் கிடைப்பதைவிடக் காடு நின்றால் கிடைப்பது அதிகம் என்று பக்கத்து விவசாயிக்குத் தெரிய இதைவிட நல்ல வழி இருக்குமா? அதே சமயம் கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. பூட்டான் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தை 2022-இல் ஓர் இரவுக்கு 200 டாலர் என்று உயர்த்தி, அடுத்த ஆண்டே 100-ஆகக் குறைத்தது.

விடுதிகள் ஏன் பக்கத்து வயலில் காய்கறி வாங்குவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். விடுதிக்குத் தினமும் ஒரே அளவில், ஒரே தரத்தில் சரக்கு வேண்டும். பணமோ மாதக்கணக்கில் கடன் வைத்துத்தான் தருவார்கள். சிறு விவசாயியால் அத்தனை நாள் பொறுக்க முடியாது. ஊர் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து சரக்கைத் திரட்டி, வாரா வாரம் பணம் என்று பேசி முடித்தால் இது நடக்கக்கூடியதே. உள்ளூர் ஆட்களுக்கு வேலை, பயிற்சி, இவ்வளவு கொள்முதல் என்ற நிபந்தனைகளையும் நிலத்தைக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு பேரம் பேச ஊரார் கையில் பிடி எதுவும் இருக்காது.

நன்றி, வணக்கம்.