மழைக்கு முன் மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். புரட்டாசி வந்துவிட்டது. சென்னையில் ஆண்டுக்குப் பெய்கிற ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் வரப்போகிற மூன்று மாதத்தில் பெய்துவிடும். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த ஊர் இது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டுபோய், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்துக் கிடந்ததும் இதே ஊர்தான்.

2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அதனால் பல வீடுகளில் மழைநீர்க் குழி உண்டு. ஆனால் அந்தக் குழி போதுமா? கணக்குப் போடுவோம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டர் தண்ணீர் வரும். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி ஜல்லியை நிரப்பினால், கல் போக மிஞ்சும் இடத்தில் 300 லிட்டர் நின்றால் அதிகம். மீதியெல்லாம் தெருவுக்கு ஓடிவிடும். இரண்டு வருடத்தில் ஜல்லிக்குள் சேறும் அடைத்துக்கொள்ளும். அள்ளிக் கழுவாமல் சரியாகாது.

இதற்குப் பதில் உறைக்கிணறு போடலாம். மூன்றடி விட்டமுள்ள சிமென்ட் வளையங்களை, அதாவது உறைகளை, பதினைந்து அடி ஆழத்துக்கு இறக்கினால் 3,000 லிட்டர் பிடிக்கும், பிடிக்கும்போதே பூமிக்குள் இறங்கவும் செய்யும். உறைகளின் இடுக்கில் சிமென்ட் பூசக் கூடாது. உள்ளே எதையும் கொட்டி நிரப்பவும் வேண்டாம். காலியாக இருந்தால்தான் ஆள் இறங்கித் தூர் வார முடியும்.

இடத்துக்கு இடம் மண் மாறும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் இதுவே போதும். அண்ணா நகர், வில்லிவாக்கம் பக்கம் களிமண். அங்கே உறைக்கிணற்றின் அடியில் ஆறங்குலத் துளை போட்டு, மணல் தட்டுப்படும் வரை துளையிட்ட குழாயை இறக்க வேண்டும். மழை விட்டு ஒரு நாள் கழிந்தும் தண்ணீர் அப்படியே நின்றால், ஒன்று களிமண், இல்லையேல் அடியில் வண்டல்.

வீட்டில் பழைய கிணறு இருக்கிறதா? புதிதாக எதுவும் வெட்ட வேண்டாம், மாடிக் குழாயை அதில் விடுங்கள். நடுவில் இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு வடிகட்டித் தொட்டி: அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதன்மேல் நைலான் வலை. பலர் மணல் போடச் சொல்வார்கள். பெருமழையில் முதலில் அடைப்பதே மணல்தான். முதல் இரண்டு மழையைத் திறப்பான் (வால்வு) வழியாக வெளியே விட்டுவிடுங்கள். மாடித் தூசியும் காக்கை எச்சமும் அதோடு போய்விடும். வடிகட்டாமல் போர்க் குழாய்க்குள், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குள், நேராக விடுவது மட்டும் கூடவே கூடாது. சேறு ஒருமுறை உள்ளே படிந்தால் அந்தக் கிணற்றை மீட்பது கடினம்.

கிணற்று வாய் தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும். தெருவில் சாக்கடை பொங்கினால் முதலில் தேடி வருவது தரைமட்டத்து மூடியைத்தான். மூடியின் காற்றுத் துளைக்குக் கொசுவலை கட்டுங்கள்.

வேளச்சேரி மாதிரித் தாழ்ந்த பகுதிகளில் கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி, கிணறே நிரம்பி நிற்கலாம். அந்த நாட்களில் பூமிக்குள் விட இடமிருக்காது. மாடிக் குழாயை வடிகட்டி வழியாகச் சம்ப்புக்கு (தரையடித் தண்ணீர்த் தொட்டிக்கு) திருப்பிவிட்டால், துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் அந்தத் தண்ணீரே ஆகும்.