கூரையில் போட்ட ஓட்டை

அவையோருக்கு வணக்கம்.

வானியலும் திருச்சபையும் என்ற பேச்சை எடுத்தாலே எல்லோர் நினைவுக்கும் வருவது ஒரே காட்சி. 1633 ஜூன் 22, ரோம். எழுபதை நெருங்கிய கலிலியோ மண்டியிட்டு, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று தான் எழுதியதைத் தானே மறுத்து வாசிக்கிறார். நடந்ததுதான். அதைப் பூசி மெழுக நான் வரவில்லை. ஆனால் அந்தக் காட்சியிலேயே நின்றுவிட்டால், 22 ஆண்டு கழித்து நடந்த இன்னொன்று நமக்குப் புரியாமல் போய்விடும். போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்த போலோஞா நகரில், சான் பெத்ரோனியோ என்ற பிரம்மாண்டமான ஆலயத்தின் கூரையில் ஓட்டை போட்டார்கள். ஆலய நிர்வாகமே அனுமதி கொடுத்து, சூரியனைப் பிடிக்கப் போட்ட ஓட்டை!

எதற்காக? ஈஸ்டருக்காக. கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் 25, முடிந்தது கதை. ஈஸ்டர் அப்படியில்லை. வசந்த காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு. சூரியனும் சந்திரனும் ஒத்துவர வேண்டும், போதாததற்குக் கிழமையும். அந்தச் சம இரவு நாளை மார்ச் 21 என்று வைத்துக்கொண்டார்கள். ஜூலியன் நாட்காட்டியோ ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் நீளம் கூடியது. பதினோரு நிமிடம் ஒரு விஷயமா என்று தோன்றும். 16-ஆம் நூற்றாண்டில் அது பத்து நாளாகச் சேர்ந்து நின்றது! இக்னாசியோ தாந்தி என்ற டொமினிக்கன் துறவி முதலில் புளோரன்சிலும் பிறகு போலோஞாவிலும் சுவரில் துளையிட்டு, ஆலயத்துக்குள் வெயிலை விட்டு அளந்து பார்த்தார். 1582-ல் போப் 13-ஆம் கிரகோரி, அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 ஆக்கினார்.

போலோஞா ஆலயத்தை விரிவாக்கியபோது தாந்தியின் துளை இருந்த சுவர் இடிபட்டது. அப்போது வந்தவர் முப்பது வயது வானியல் பேராசிரியர் கசினி. வெயிலை அளக்கத் தாந்தி தரையில் இட்டிருந்த கோடு தூண்களுக்கு ஒதுங்கி, வடக்கு தெற்கிலிருந்து விலகிக் கிடந்தது. கசினி தூண்களுக்கு நடுவிலேயே நேர்க்கோட்டுக்கு வழி கண்டார். 27 மீட்டர் உயரத்தில் துளை. அதன் அகலம் 27 மில்லிமீட்டர். தரையில் ஏறத்தாழ 67 மீட்டர் நீளக் கோடு. உச்சி வேளையில் சூரியனின் உருவம் அதைக் கடந்துபோகும்.

இனிமேல்தான் சுவை. நம் நாட்காட்டியில் ஆனி மாதம் சில ஆண்டுகளில் 32 நாள். மார்கழி பெரும்பாலும் 29 நாளில் முடிந்துவிடும். ஏன்? ஆனியில் சூரியன் மெதுவாக நகர்கிறது, மார்கழியில் விரைகிறது. இந்த வேக வேறுபாடு ஏறக்குறைய 7 சதவீதம். பூமியைச் சூரியன் சுற்றுகிறது என்ற பழங்கால அறிஞர் தாலமியின் வழி வந்தவர்கள், அது வெறும் தோற்றம், தூரத்தில் இருப்பதால் மெதுவாகத் தெரிகிறது என்றார்கள். ஜெர்மன் வானியலாளர் கெப்லரோ, பாதி தோற்றம், பாதி உண்மையான வேக மாற்றம் என்றார். தாலமி சரியென்றால் சூரியனின் உருவமும் அதே 7 சதவீதம் சிறுத்துப் பெருக்க வேண்டும். கெப்லர் சரியென்றால் அதில் பாதிதான். இதைச் சொல்ல ஆலயத்தை விடப் பெரிய கருவி ஏது? கசினி அளந்தார். பாதிதான் வந்தது.

கெப்லர் யார்? லூத்தரன், அதாவது ரோமிலிருந்து பிரிந்த புராட்டஸ்டன்ட் சபைக்காரர். கத்தோலிக்கர் அவரைக் கிராட்ஸ் நகரிலிருந்து விரட்டினார்கள். லின்ஸ் நகரிலோ சொந்தச் சபையே அவருக்கு நற்கருணை மறுத்தது. இரு பக்கமும் அடிபட்ட அந்த மனிதருக்குக் கத்தோலிக்க ஆலயத்தின் தரையில் சாட்சி கிடைத்தது.

ஆனால் ஒன்று: சுற்றுவது சூரியனா பூமியா என்று அந்தத் துளை சொல்லாது. எப்படி வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான். திருச்சபைக்கு அது வசதியாக இருந்தது. பூமிதான் சுற்றுகிறது என்று எழுதிய கொப்பர்னிக்கஸும் பேராலயப் பணியில் இருந்தவர்தான். 1543-ல் வந்த தன் நூலைப் போப் 3-ஆம் பவுலுக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்நூலில் பெயர் போடாமல், ‘இது வெறும் கணக்கு வழி’ என்ற பொருளில் முன்னுரை சேர்த்தவர் ஒசியாண்டர் என்ற லூத்தரன் போதகர். ஆக, பூமி சுற்றுகிறது என்று சொல்ல இருந்த அச்சம் ரோமுக்கு மட்டும் சொந்தமல்ல. திருச்சபையின் நிலை இதுதான்: கணக்குப் போடு, வேண்டாமென்று சொல்லவில்லை. வேதத்துக்குப் பொருள் சொல்ல மட்டும் வராதே. கலிலியோ 1615-ல் தஸ்கனி அரச குடும்பத்துக் கிறிஸ்தினா சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தில் வேதத்துக்குப் பொருள் சொல்லத்தான் செய்தார். மறு ஆண்டே கொப்பர்னிக்கஸின் நூலுக்குத் தடை. 1835-ல் வந்த தடை நூல் பட்டியலில்தான் கொப்பர்னிக்கஸ், கலிலியோ நூல்களின் பெயர்கள் இல்லாமல் போயின. அத்தனை காலமும் கசினியின் கோட்டில் சூரியன் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.

இத்தாலி போகிறவர்கள் வெயில் உள்ள நாளாகப் பார்த்து உச்சி வேளையில் அங்கே நில்லுங்கள். ஜூனில் போனால் சூரியனின் உருவம் துளைக்குப் பக்கத்துக் கோடியில் சின்னதாக, ஏறத்தாழ வட்டமாக வந்து விழும். டிசம்பரில் போனால் எதிர்க்கோடி வரை நடக்க வேண்டும். அங்கே அது முட்டை போல நீண்டு கிடக்கும்.